கடல் கடந்த முரசு



ஜப்பானியரின் முரசைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பின்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பது தெரிகிறது. நியாயந்தான் ஐயா. 'ஜப்பான்காரன்' என்றால் நம் குடும்பங்களில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவுதான் முதலில் வரும். அதை மறக்கச் சொல்ல நான் வரவில்லை. நம் பாட்டன்மாரைப் போலவே பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஜப்பானிய ஏழைகளின் வாரிசுகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

1885 முதல் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனவர்கள் ரயில் பாதை போட்டார்கள். வயலில் வேலை செய்தார்கள். கோடையில் இறந்த முன்னோரை நினைந்து 'ஓபோன்' திருநாள். நடுவில் ஒரு முரசு, சுற்றிலும் ஆட்டம். அந்த முரசுக்குத் 'தைக்கோ' என்று பெயர்.

1942இல் என்ன நடந்தது தெரியுமா? இங்கே ஜப்பானியப் படை நம்மை ஆட்டிப் படைத்த அதே ஆண்டில், அங்கே அமெரிக்க அரசு ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். எதிரியின் முகச்சாயல் இருந்தது, அவ்வளவுதான் குற்றம். வெளியே வந்த பிறகு பெற்றோர் பலர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'சத்தம் போடாமல் படி, முன்னுக்கு வா' என்றே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகள்தாம் பெரியவர்களானதும் சத்தம் போட்டார்கள்!

1968இல் ஜப்பானிலிருந்து வந்த செய்ச்சி தனாக்கா என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் தைக்கோ பள்ளியைத் தொடங்கினார். 1969இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பௌத்தக் கோயிலில், ஓபோன் முடிந்து முரசை உள்ளே எடுத்து வைக்கப் போனவர்கள், சும்மா தட்டிப் பார்த்து, மணிக்கணக்கில் தட்டிக்கொண்டே இருந்துவிட்டார்களாம். அதிலிருந்து பிறந்தது 'கின்னரா' குழு. 1973இல் சான் ஹோசேயிலும் இளைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். பல அளவு முரசுகளைச் சேர்த்து ஒரே குழுவாக வாசிப்பது ஏதோ ஆயிரம் ஆண்டு வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானிலேயே 1951இல், ஜாஸ் இசைக்காரரான டைஹாச்சி ஓகுச்சி தொடங்கிய முறை அது.

முரசுக்கு எங்கே போவது? ஜப்பானில் ஒரே மரத்தைக் குடைந்து செய்வார்கள். விலை யானை விலை, குதிரை விலை. கின்னராக்காரர்கள் கழித்துப்போட்ட மதுப் பீப்பாய்களை வாங்கி வந்தார்கள். பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, தேய்த்து வழவழப்பாக்கி, மாட்டுத் தோலை ஊறவைத்து, காரைத் தூக்கும் ஜாக்கியைக் கொண்டு அதை இழுத்து விறைப்பாக்கி ஆணி அடித்தார்கள். பீப்பாய் முரசு தயார். இன்று அமெரிக்கக் குழுக்கள் பலவற்றிலும் இதே வழிதான். ஜப்பானில் அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். கோயிலுக்கு முரசு வேண்டும், செய்தவன் வேண்டாம். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறதோ, எனக்கும் அதுவே வந்தது.

மாணவர்களே, பாடம் சொல்லும் முறையைக் கேளுங்கள். முதலில் வாயால் சொல்ல வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் 'தோன்'. விளிம்பில் அடித்தால் 'கா'. நம் மிருதங்க ஆசிரியர் 'தகதிமி' சொல்லவைக்கிறாரே, அப்படித்தான். இதற்கு அவர்கள் வைத்த பெயரில் 'குச்சி' என்ற சொல் வருகிறது. சிரிக்காதீர்கள்! ஜப்பான் மொழியில் அதற்கு 'வாய்' என்று அர்த்தம். அடிக்கிற குச்சிக்குப் பெயர் 'பாச்சி'. கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, முழு உடம்பாலும் அடிக்க வேண்டும். கை கொப்புளிக்கும்.

தாய்மார்கள் இதையும் கேட்க வேண்டும். ஜப்பானில் திருவிழா முரசு பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது. அமெரிக்கக் குழுக்களில் இன்று பெண்களே அதிகம். சான் ஹோசே குழுவின் பி.ஜே. ஹிராபயாஷி என்னும் அம்மையார் 1994இல் ஓர் ஆட்டம் அமைத்தார். ரயில் பாதை போடுவது, வயலில் வேலை செய்வது என்று கப்பலேறி வந்த தாத்தா பாட்டிமாரின் உழைப்பே அதில் அசைவுகளாக வருகின்றன. மேடையில் மட்டுமல்ல, பார்க்க வந்தவர்களும் வட்டத்தில் சேர்ந்து ஆடுவார்கள்.

பால்மரம் வெட்டும் கையசைவு நம்மில் எத்தனை பேருக்கு இன்னும் தெரியும்? பெரியவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். பரிசு வாங்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தலைமையாசிரியரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். விடைபெறுகிறேன்.