‘நாங்கள்’ ‘நாம்’ ஆகும் வழி



தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உள. கேட்பவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. பின்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பது இலக்கண மரபு. இவ்வேறுபாடு நூலளவில் நிற்பதன்று. ‘நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியும்?’ என்று பாட்டி சொல்லக் கேளாத பிள்ளை நம் வீடுகளில் உண்டோ? அத்தொடரில் பேரப்பிள்ளைக்கு இடமில்லை.

அந்தப் பாடுகளுள் பெரிது ஒன்றை இங்கு எண்ணிப் பார்ப்போம். 1942 முதல் 1943 அக்டோபர் வரை, சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத்துக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை ஜப்பானியப் படை அமைத்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் ஆறாப் புண்ணும் பசியும் அவர்களைக் கொண்டுபோயின. போர்க்கைதிகட்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் உள்ளன. நம்மவர் பலர்க்கு அத்தகைய கல்லும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அக்குறையை ஓரளவு தீர்த்தன.

அன்று லயத்து வாசலில் தந்தைக்காகக் காத்திருந்த பிள்ளைகளே இன்று எண்பதைக் கடந்த தாத்தா பாட்டியர். ‘அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்பர், அதற்குமேல் சொல்லார். எழுவாய் தோன்றாத தொடர் அது. பிடித்தவர் யார், பெயர் கொடுத்தவர் யார் என்பன மறைந்தே நிற்கும். சொல்ல முடியாததைச் சொல்லாமலே சொல்ல இலக்கணம் அங்கே இடந்தருகிறது.

ஆயினும் நாவில் அடங்கியது செயலில் வெளிப்படும். தட்டில் மிஞ்சிய சோற்றுப் பருக்கைக்குச் சினம் எழும். மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் முகம் திரும்பும். பேரன் வெளியூர் புறப்பட்டால், வண்டி மறையும்வரை கால்கள் வாசலை விட்டு நகரா. வரலாறு அறியாத பிள்ளை இவற்றைக் கடுமை என்றும் தொல்லை என்றும் கொள்ளும். அறிந்த பிள்ளை அன்பு என்று உணரும். உறவின் நெருக்கம் பெரிதும் இந்த அறிவைப் பொறுத்தது.

இரப்பர் மரங்கள் நின்ற செனாய் மண்ணில் இன்று தொழிற்சாலைகளும் வானூர்தி நிலையமும் உள்ளன. லயங்கள் மறைய, கேள்வியைத் தூண்டும் இடங்களும் மறைந்தன. ஆதலின் வகுப்பறையே அக்கேள்வியைத் தூண்டுதல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரைக் குடும்பக் கொடிவழி எழுதச் சொல்லலாம். மாணவர் ‘சயாமில் என்ன நடந்தது?’ என்று தொடங்குதல் கூடாது. ‘சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள், பாட்டி?’ என்று தொடங்கட்டும். பாட்டி பேச மறுத்தால் அம்மறுப்பை மதித்தல் வேண்டும். மௌனமும் அவர் உரிமை. கொடிவழியில் வெற்றிடம் இருப்பின், அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆகாது.

முன்னோர் துயரத்தைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ‘எங்கள் அப்பா’ என்று மட்டும் சொல்லிவந்த பாட்டி, ஒருநாள் ‘நம் வீட்டில் ஒருவர் சயாமுக்குப் போனார்’ என்று தொடங்குவாராயின், அந்த ‘நம்’ பேரப்பிள்ளைக்கு அவர் தரும் பெருஞ்செல்வம். அதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கேனும் தமிழ் நம் பிள்ளைகளிடம் இருத்தல் வேண்டும்.