தேர்வில் ஆங்கிலம்: இலக்கணமும் பொருளுணர்தலும்

நாட்டின் உயர் பணிகளுக்காக நடைபெறும் போட்டித் தேர்வுகளில் ஆங்கிலத்துக்குரிய இடம் யாது என்னும் வினா பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்க, தாய்மொழி வாயிலாகப் பயின்று, சிற்றூரிலிருந்தோ சிறு நகரத்திலிருந்தோ இத்தேர்வுகளுக்கு வரும் மாணவர் ஆங்கிலத் தாளுக்கு எவ்வாறு பயிற்சி பெறலாம் என்பதே இவ்வுரையின் பொருள். குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

மொழியும் தேர்வும்

அகில இந்தியப் பணிகளுக்கான தேர்வுகளில் ஆங்கிலத்துடன், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்தையும் மாற்று மொழிகளாக அனுமதிக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் தீர்மானம் எடுத்துரைத்தது. டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழு 1976இல் அளித்த பரிந்துரைகளையொட்டி, முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என்னும் மூன்று படிகளைக் கொண்ட முறை 1979இல் நடைமுறைக்கு வந்தது. முதன்மைத் தேர்வின் விடைகளை எட்டாவது அட்டவணை மொழிகளுள் ஒன்றில் எழுதும் வாய்ப்பும் அதனுடன் கிட்டியது. அந்த அட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன.

விடை எழுதும் மொழி இவ்வாறு விரிந்தது. ஆயின், மொழி மற்றும் இலக்கியத் தாள்கள் நீங்கலாக, வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சிடப்படுகின்றன. ஆகவே தமிழிலோ, தெலுங்கிலோ, வங்க மொழியிலோ, ஒடியாவிலோ விடையெழுதும் மாணவர், வினாவைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தே பொருள் உணர வேண்டியவராக இருக்கிறார். வரலாற்றுத் தாளாயினும், பொருளாதாரத் தாளாயினும், அவருடைய முதற்பணி ஆங்கில வாசிப்பேயாகும்.

2011இல் முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் புகுத்தப்பட்டபோது, பத்தாம் வகுப்புத் தரத்திலான ஆங்கிலப் பொருளுணர் வினாக்களும் அதில் இடம்பெற்றன. 2013இல் முதன்மைத் தேர்வின் தரவரிசையில் ஆங்கில மதிப்பெண்ணைச் சேர்க்கும் அறிவிப்பு வெளியாகி, நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் திரும்பப் பெறப்பட்டது. 2014இல் தில்லியில் மாணவர் போராட்டம் நிகழ்ந்தது. அதன்பின், அவ்வாண்டு முதல்நிலைத் தேர்வின் ஆங்கிலப் பகுதி மதிப்பெண்கள் தரவரிசைக்குக் கணக்கிடப்படமாட்டா என அரசு அறிவித்தது. 2015 முதல் திறனறித் தாள் தகுதித் தாளாக மட்டும் அமைந்தது.

தகுதித் தாளின் கடுமை

தரவரிசைக்குக் கணக்கிடப்படாத தாள் எளியது என்று எண்ணுவது பிழையாகும். முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு 300 மதிப்பெண்கள். அதில் 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண், பெற்றாக வேண்டும். அதனைப் பெறாதவருடைய கட்டுரை, பொதுஅறிவு, விருப்பப்பாடத் தாள்கள் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பல ஆண்டு உழைப்பின் பயன் ஒரு தாளின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இந்திய மொழித் தாளுக்கும் பொதுவாக இதே விதி உண்டு.

முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளிலும் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கிறது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், 2 மணி நேரம். தேறுவதற்கு 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண், தேவை. 27 வினாக்களுக்குச் சரியான விடை தந்தவர் 67.5 மதிப்பெண் பெறுகிறார். அவரே மேலும் மூன்று வினாக்களுக்கு ஊகத்தினால் தவறான விடை தந்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் 2.5 மதிப்பெண் குறைந்து, 65 என்னும் எண்ணிக்கையில் நின்றுவிடுகிறார். படித்ததன் பொருளை உறுதிப்படுத்தாமல் குறியிடும் பழக்கம் எவ்வளவு விலையுடையது என்பதை இக்கணக்கு காட்டும்.

இலக்கணம் பொருளின் கருவி

ஆங்கிலத் தாளின் பாடத்திட்டம் நான்கு பகுதிகளைக் கொண்டது: தரப்பட்ட பத்தியின் பொருளுணர்தல், சுருக்கி வரைதல், சொல்லாட்சி, சிறு கட்டுரைகள். இவற்றுள் எதற்கும் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்தல் மட்டும் போதுமானதாகாது. விதி எந்தப் பொருளைக் காக்கிறது என்று அறிந்து பயில்வதே பயனுடையது.

தமிழில் 'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சார்படைகள் இல்லை. ஆதலால் தமிழ் மாணவர் அவற்றை அலங்காரச் சொற்களாகக் கருதி விட்டுவிடுகின்றனர். 'ஃப்யூ ஆஃபீசர்ஸ்' என்றால், அதிகாரிகள் மிகச் சிலரே, ஏறத்தாழ எவரும் இல்லை என்பது கருத்து. 'எ ஃப்யூ ஆஃபீசர்ஸ்' என்றால் அதிகாரிகள் சிலர் உளர் என்பது கருத்து. முன்னது குறையைச் சுட்டுகிறது, பின்னது இருப்பைச் சுட்டுகிறது. ஓரெழுத்துச் சொல்லினால் பத்தியின் போக்கே மாறுகிறது.

எதிர்மறையிலும் இத்தகைய இடர் உண்டு. 'எல்லாரும் வரவில்லை' என்னும் தமிழ்த் தொடர், ஒருவரும் வரவில்லை என்றும் சிலர் வரவில்லை என்றும் இருவகையாகப் பொருள்படும். பேச்சில் குரலும் சூழலும் அதனைத் தெளிவாக்கும். ஆங்கிலத்தில் 'நாட் ஆல்' என்பது சிலர் வந்திருக்கக் கூடும் என்பதையும், 'நன்' என்பது ஒருவரும் வரவில்லை என்பதையும் தனித்தனியே குறிக்கும். 'அன்லெஸ்' என்னும் சொல்லுக்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருக்கிறது. அதனை 'இஃப்' என்பதுபோலக் கொண்டால் விடை நேர்மாறாகிவிடும்.

தாய்மொழியின் அமைப்பு சில பிழைகளுக்கு வித்திடுகிறது. 'திட்டத்தைப் பற்றி விவாதித்தனர்' என்னும் பழக்கத்தினால் 'டிஸ்கஸ்' என்பதன்பின் 'அபவுட்' சேர்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அது வேண்டப்படுவதில்லை. 'தி லிஸ்ட் ஆஃப் பெனிஃபிஷியரீஸ்' என்னும் எழுவாயில் தலைமைச் சொல் 'லிஸ்ட்' என்பதாகையால் 'இஸ்' என்னும் ஒருமை வினையே பொருந்தும். அருகிலுள்ள பன்மைச் சொல்லைக் கண்டு 'ஆர்' என எழுதுவது பரவலான பிழை. காலத்தின் தொடக்கத்தைக் குறிக்க 'சின்ஸ்' என்பதும், கால அளவைக் குறிக்க 'ஃபார்' என்பதும் வரும். இத்தகைய பிழைகளைத் தமிழ்த் தொடருடன் ஒப்பிட்டு, காரணத்தோடு குறித்துக்கொள்ளும் மாணவர் அவற்றை மீண்டும் செய்வது அரிது.

பத்தியைப் படிக்கும் முறை

பொருளுணர் வினாவில் சோதிக்கப்படுவது மாணவரின் பொதுஅறிவன்று. பத்தி என்ன கூறுகிறது, என்ன கூறவில்லை என்று பிரித்தறியும் ஆற்றலே. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஓர் ஊரில் ஏரி தூர்வாரப்பட்டது; அடுத்த ஆண்டு கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது; அவ்வாண்டு மழையும் வழக்கத்தை விட மிகுதியாகப் பெய்தது என்று ஒரு பத்தி கூறுவதாகக் கொள்வோம். தூர்வாரியதே நீர்மட்ட உயர்வுக்குக் காரணம் என்பது முதல் விடை. எல்லா ஏரிகளையும் அரசு தூர்வார வேண்டும் என்பது இரண்டாம் விடை. இவ்விரண்டு காரணங்களுள் எதன் பங்கு எவ்வளவு என்பதை இப்பத்தியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்பது மூன்றாம் விடை. முதலிரண்டும் நல்லெண்ணத்துக்கு உகந்தவை. ஆயினும் பத்தி அவற்றை நிறுவவில்லை. மூன்றாவதே ஏற்புடையது.

இத்திறனை வளர்க்க மூன்று படிகள் துணைபுரியும். முதல் வாசிப்பில் பத்தியின் மையக் கருத்தை ஒரே தொடரில் தாய்மொழியிலேனும் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்', 'ஒன்லி', 'ஆல்தோ' போன்ற சொற்களை அடையாளமிட்டு, கருத்து எங்குத் திரும்புகிறது, எங்கு வரையறுக்கப்படுகிறது என்று காண வேண்டும். மூன்றாவதாக, தேர்ந்தெடுத்த விடைக்கு ஆதாரமான வரியைச் சுட்டிக்காட்ட இயல வேண்டும். வரியைச் சுட்ட இயலாவிடின், அவ்விடை படிப்பவருடைய கருத்தே தவிர பத்தியின் கருத்தாகாது.

தொடக்கத்தில் கால வரம்பின்றிப் பயில்வது நன்று. தெளிவு வந்தபின், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்னும் தேர்வுக் கணக்குக்கு விரைவைக் கொண்டுவரலாம். தேர்வாணையம் வெளியிடும் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களே இதற்கு ஏற்ற கருவி. ஒவ்வொரு தவறான விடையையும், சொல் தெரியாமை, தொடர் அமைப்பு விளங்காமை, அவசரம் என மூன்றாகப் பிரித்து எழுதி வந்தால், எதற்கு மருந்து தேவை என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

சுருக்கி வரைதல் இவ்விரு பயிற்சிகளையும் இணைக்கும் பாலமாகும். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும்போது எது கருத்து, எது விளக்கம், எது எடுத்துக்காட்டு என்று பகுத்தாக வேண்டும். சுருக்கியதைப் பிழையின்றி எழுதவும் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தலையங்கத்தையோ, அரசு அறிக்கையின் ஒரு பக்கத்தையோ இவ்வாறு சுருக்குவது செலவில்லாத பயிற்சி.

பணியிலும் தொடரும் திறன்

இப்பயிற்சியின் பயன் தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. சட்டத்திலும் விதிகளிலும் 'ஷல்' என்பது பொதுவாகக் கட்டாயத்தையும், 'மே' என்பது பொதுவாக அதிகாரியின் விருப்புரிமையையும் குறிக்கும். 'ப்ரொவைடட் தட்' எனத் தொடங்கும் வரம்புரை, மேலே கூறிய விதிக்கு விலக்கு அளிக்கும். இவற்றைக் கவனியாமல் ஓர் ஆணையைப் படிக்கும் அதிகாரியால், உரியவருக்குச் சேரவேண்டிய ஓய்வூதியமோ உதவித்தொகையோ தடைபடக்கூடும். விலக்கு வரியைப் படிக்காமல் தள்ளுபடி செய்த ஒரு விண்ணப்பத்தின் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல வசதியில்லாதவருக்கு இவ்வழி மூடப்பட்டதன்று. மாவட்ட நூலகங்களிலும் கல்லூரிகளிலும் வாரத்துக்கு ஒரு நாள், ஐந்தாறு மாணவர் கூடி ஒரே பத்தியைப் படித்து, ஒவ்வொருவரும் தம் விடைக்குரிய வரியைச் சுட்டி விவாதிக்கலாம். பணியிலுள்ள அதிகாரிகள் தம் பகுதி மாணவருக்கு மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஓர் அரசாணையை எவ்வாறு படிப்பது என்று காட்டலாம்.

தேர்வு முறை குறித்த விவாதங்கள் தொடரட்டும். வினாத்தாள்கள் பல மொழிகளிலும் வர வேண்டும் என்னும் கோரிக்கையும் ஆராயப்படட்டும். அதுவரையில் தாய்மொழியில் சிந்திக்கும் மாணவர் ஆங்கில வினாவை ஐயமறப் படிக்கும் ஆற்றலைப் பெறுவாராயின், தாம் அறிந்ததைத் தம் மொழியில் எடுத்துரைக்கும் உரிமை அவருக்கு முழுமையாகப் பயன்படும்.