பாவசங்கீர்த்தனமும் தாய்மொழியும்



கொல்கத்தாவின் தென்பாகமாகிய பவானிபூரில் குடியேறி வாழும் தமிழருக்கு மூன்று மொழிகளேனும் பழகிவிடுகின்றன. கடைவீதியில் வங்காளம், அலுவலகத்தில் ஆங்கிலம், வாடகை வண்டியில் இந்தி என்று நம் நாட்கள் நடந்துவிடும். ஆயினும் ஒரு செயல் மட்டும் பிறமொழியில் எளிதில் கைவருவதில்லை. அது, தன் குற்றத்தைத் தன் வாயால் எடுத்துரைப்பது. கத்தோலிக்க மறையில் இதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். இந்நாளில் ஒப்புரவு அருட்சாதனம் என்பர்.

இதனை அறியாத நேயர்களுக்காக முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலில், தனித்திருந்து தன் நடத்தையை ஆராய்தல் வேண்டும். இஃது ஆத்தும சோதனை. இரண்டாவது, செய்த பிழைக்காக நெஞ்சார வருந்தும் மனஸ்தாபம். மூன்றாவது, இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினை. நான்காவது, குருவானவரிடம் பாவங்களை வெளியிடுதல். ஐந்தாவது, அவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றுதல். மன்னிப்பவர் இறைவனே; குரு அவர் பெயரால் மன்னிப்பை வழங்கும் பணியாளர்.

குருவின் காதில் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. அஃது உண்மையன்று. திருடியவன் திருடிய பொருளைத் திருப்பித் தரவேண்டும்; அவதூறு சொன்னவன் பிறர் இழந்த நற்பெயரை மீட்க முயலவேண்டும். மனம் வருந்தாமல் உதடு மட்டும் அசைந்தால் மன்னிப்பு இல்லை. கேட்டதைக் குருவானவர் சொல்லாலோ குறிப்பாலோ எவரிடமும் வெளியிடலாகாது. இவ்விரகசியத்தை நேராக உடைப்பவர் அச்செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார்.

வயதுவந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. அவ்விதி முத்துக்குளித்துறைக்கு வந்தபோது மொழி ஒரு பெருந்தடையாக நின்றது. 1542இல் அங்கு வந்த புனித சவேரியார், செபங்களைப் பிறர் உதவியோடு தமிழாக்கி மனனம் செய்தார். ஆனால் செபத்தை மனனம் செய்வது வேறு. ஒரு பரதவப் பெண்மணி விம்மலோடு சொல்வதைப் புரிந்துகொள்வது வேறு. இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றால் எந்த நெஞ்சம் தடையின்றித் திறக்கும்?

இக்குறையை உணர்ந்து தமிழை முறையாகக் கற்றவர் அண்ட்ரீக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவர், தமிழுக்கு ஓர் இலக்கணக் குறிப்பும் எழுதினார். இவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1580இல் கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வோர்க்குத் தமிழில் வழிகாட்டும் நூல் அது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய சில நூல்களுள் ஒன்று, மனிதன் தன் பிழையைத் தன் மொழியில் சொல்வதற்கென்றே எழுதப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அத்தடை வேறு வடிவில் நம்மிடையே இருக்கிறது. மகன் வீட்டோடு தங்குவதற்கென ஊரிலிருந்து பவானிபூருக்கு வரும் மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். பூசையில் அவர் முழந்தாளிடுவார். வங்காளப் பாட்டின் இராகத்தையும் பின்பற்றுவார். பாவசங்கீர்த்தனத் தொட்டியை நெருங்கும்போது மட்டும் கால் நின்றுவிடும். மாதந்தோறும் செய்துவந்த கடமை ஆண்டுக்கணக்கில் நின்றுபோக, அதுவே ஒரு பாவமோ என்னும் அச்சமும் சேர்ந்துகொள்ளும்.

இத்தகையோர்க்குத் திருச்சபைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் மகனையோ மருமகளையோ நடுவில் நிறுத்த எந்தத் தாய் விரும்புவாள்? அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் செல்ல அவருக்கு உரிமையுண்டு. ஆகவே தமிழறிந்த குரு நகரின் வேறு பகுதியில் இருப்பினும் அவரைத் தேடிச் செல்லலாம். அழைத்துச் செல்வது மகனின் கடன். குரு கிடைக்கும் வரையில், தண்டனைக்கு அஞ்சியன்றி இறைவன்பால் கொண்ட அன்பினால் வருந்தி, வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதிகொண்டால், அந்த உத்தம மனஸ்தாபமே மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே அம்மூதாட்டி அஞ்சவேண்டியதில்லை.

நேயர்களே, பிறமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு சோதனையும் உண்டு. சொத்துப் பிரிவினையில் சொன்ன கடுஞ்சொல், தாயின் மருத்துவச் செலவுக்கு அனுப்பாத பணம், உடன்பிறந்தானோடு முறிந்த பேச்சு இவற்றையெல்லாம் தூரம் மறைத்துவிடுகிறது. பீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சென்று சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்றார் இயேசுபிரான். எம்மதத்தவராயினும் இவ்வறிவுரை நமக்குப் பொருந்தும். ஆகவே இன்றிரவே ஊருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தவறு நம்முடையது என்பதை அதில் ஒளிக்காமல் சொல்வோம். அதற்குரிய மொழி நம் எல்லோரிடமும் இருக்கிறது.