மேளத்தைப் பார்த்தல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



மேளம் என்பது கேட்பதற்கு உரியது. அதைப் பார்ப்பது பற்றி, அதுவும் வானொலியிலே பேச வந்திருக்கிறேன். வானொலியிலே படம் காட்ட முடியாது. படத்திலே மேளம் கேட்காது. இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவிலேதான் என் பேச்சு நடக்கப் போகிறது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி ஏறும். 25 நாள் விழா. பத்தாம் நாள் மஞ்சம், 23 ஆம் நாள் சப்பறம், 24 ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். இந்த நாட்களில் கமெராவைத் தோளிலே போட்டுக்கொண்டு வெளிவீதியிலே நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எல்லோரும் சாமியைப் படம் எடுப்பார்கள், தேரை எடுப்பார்கள், காவடியை எடுப்பார்கள். நான் எடுத்தது பெரும்பாலும் சாமிக்கு முன்னே நடக்கிறவர்களை. நாதஸ்வரக்காரரை, தவிற்காரரை, அவர்களுக்குப் பக்கத்திலே தாளம் போட்டுக்கொண்டு வரும் சிறுவனை.

சாமி புறப்படும்போது மேளத்திலே முதலில் வருவது மல்லாரி. கம்பீர நாட்டை இராகத்திலே, சொற்கள் இல்லாமல், சுவரமும் தாளமுமாக எழுகின்ற ஓர் உருப்படி அது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி என்று வகையும் உண்டு. வீட்டில் இருப்பவர் மல்லாரியைக் கேட்டே சாமி வெளிக்கிட்டுவிட்டது என்று அறிந்துகொள்வார். காது இதை அறியும். கண் வேறு சிலவற்றை அறியும்.

நாதஸ்வரக்காரரின் குழலிலிருந்து தொங்கும் சீவாளிக் கொத்தைப் பார்த்திருப்பீர்கள். நாணலிலே செய்த அந்தச் சிறிய சீவாளிகள், வாசிக்கிறபோது ஒன்று களைத்துப்போனால் அடுத்தது என்று ஆயத்தமாய் இருப்பவை. குழல் ஆச்சா மரம். தவிலின் கட்டை பலா மரம். தவிற்காரரின் வலக்கை விரல்களிலே கூடுகள் ஏறியிருக்கும். பசையும் துணியும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்துக் கல்லுப்போல் இறுக்கிய கூடுகள். வலந்தலையிலே அந்த விரல்கள் பேசும். தொப்பியிலே இடக்கைக் கழி பதில் சொல்லும். இவ்வளவு பாரத்தையும் தோளிலே மாட்டிக்கொண்டு, ஆவணி வெயிலிலே சுடுகின்ற மணலிலே, வெறுங்காலோடு நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். ஆசனத்தில் அமர்ந்து வாசிப்பவரைப் பாராட்ட நமக்கு ஆயிரம் சொற்கள் உண்டு. நடந்து வாசிப்பவரின் மூச்சைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

இதைப் படம் எடுப்பதிலே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு நொடியை 250 ஆகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் கமெராவின் கண்ணைத் திறந்து மூடினால், கழி காற்றிலே அப்படியே நின்றுவிடும். படம் தெளிவாக இருக்கும். ஆனால் அதைப் பார்க்கிறவருக்கு, ஒருவர் தடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத்தான் படும். அதே கண்ணை நொடியில் 15 இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், முகம் ஓரளவு நிற்கும், கை புகையாகிவிடும். அந்தப் புகையிலேதான் மேளம் இருக்கிறது என்பது என் கட்சி. பிளாஷ் போட்டு எடுத்தால் கை நிற்கும், முகம் வெளிறும், வாசிப்பவரின் கவனமும் கலையும். ஆகவே நான் பிளாஷ் போடுவதில்லை. பிலிம் காலத்தில் ஒரு றோலிலே 36 படம். பின்னேரத் திருவிழாவில் மங்கிய வெளிச்சத்திலே 36 இல் மூன்று தேறினால் அது நல்ல நாள்.

என் தமக்கையின் மகன் ஜேர்மனியிலே இருக்கிறான். அவனும் படம் பிடிப்பவன். அங்கே லைப்சிக் நகரிலே 1992 ஆம் ஆண்டு தொடங்கி, பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டி ஓர் இசைவிழா நடக்கிறது. ‘கோத்’ என்று சொல்லப்படும் இசைக்கும் அந்த இசையை நேசிப்பவர்களுக்குமான விழா. ஊர் முழுவதும் பல அரங்குகள். ஏறத்தாழ 20,000 பேர் கூடுவார்கள். பெரும்பாலும் கறுப்பு உடை. சிலர் விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டையும் தொப்பியுமாய் வந்து பூங்காவிலே கூடி உண்பார்கள். மேடையிலே புகை, நீலமும் ஊதாவுமாய்ப் பின்னாலிருந்து அடிக்கும் ஒளி. மரணத்தையும் இருட்டையும் பாடுகிற இசை என்று வெளியே இருப்பவர்கள் பயப்படுவார்கள். உள்ளே போனால் மிகவும் மரியாதையான சனம் என்று மருமகன் சொல்கிறான். அவன் அங்கே வாத்தியக் குழுக்களைப் படம் எடுக்கப் போகிறவன்.

ஒரு வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து என்னோடு வீதியிலே நின்றபோது அவன் கேட்டான்:

“மாமா, இங்கை எத்தினை பாட்டு வரைக்கும் படம் எடுக்க விடுவினம்?”

எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்டு அரங்குகளிலே பத்திரிகைப் படப்பிடிப்பாளருக்கு ஒரு வழக்கமான விதி உண்டாம். முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் மேடைக்கு முன்னே நிற்கலாம், பிளாஷ் கூடாது, அதன்பிறகு வெளியே போய்விட வேண்டும்.

“தம்பி, இங்கை பாட்டுக் கணக்கு இல்லை. உள்ளுக்குக் கமெரா கொண்டுபோகக் கூடாது. அது ஒண்டுதான் சட்டம். வெளிவீதியிலை சாமி வெளிக்கிட்டால் மேளமும் வெளிக்கிடும். நீயும் கூட நடக்க வேண்டியதுதான்” என்றேன்.

அவன் நடந்தான். அங்கே மேடை ஓரிடத்தில் நிற்கும், படப்பிடிப்பவன் அசைவான். இங்கே மேடையே நடக்கிறது. அதற்கு முன்னாலே பின்புறமாக நடந்தபடி படம் எடுக்க வேண்டும். கச்சான்காரரின் பெட்டி தடுக்கும், பிரதட்டை செய்கிறவரின் கால் தடுக்கும். அன்று பின்னேரம் அவன் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் நிற்கிறது. “அங்கை மூன்று பாட்டுக்குள்ளை ஐந்து பேரின்ரை பேரையும் எழுதித் தந்துவிடுவினம், மாமா. இங்கை ஒருத்தரின்ரை பேரும் எனக்குத் தெரியேல்லை.”

நேயர்களே, நான் சொல்ல வந்த விடயம் இங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலே மேளக்கலை சும்மா வளர்ந்ததல்ல. தஞ்சை மண்ணிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் இங்கேயே வேரூன்றிய குடும்பங்களும் சேர்ந்து, இணுவில், அளவெட்டி, கோண்டாவில், சாவகச்சேரி என்று ஊர் ஊராக அதை வளர்த்தன. இணுவில் விசுவலிங்கத்தின் மகன் தெட்சணாமூர்த்தி, 1933 இலே பிறந்து 1975 இலே மறைந்தார். 42 வயது நிறையும் முன்னரேயே, தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்து போற்றிய தவிற் சக்கரவர்த்தியாய் விளங்கியவர். அளவெட்டி என். கே. பத்மநாதன் நல்லூர்க் கந்தன் சந்நிதியிலே நீண்ட காலம் நாதஸ்வரம் வாசித்து 2003 இலே மறைந்தார். சாவகச்சேரி பஞ்சாபிகேசனை அறியாத இரசிகர் இல்லை. இவர்களுடைய பெயர்கள் நிலைத்துவிட்டன. தெட்சணாமூர்த்தி பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருது ஒன்றும் கிடைத்தது. மறைந்து நாற்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு கலைஞனைத் தேடிப் போகிறவர்கள் எதைக் கொண்டு தேடுவார்கள்? எஞ்சிய ஒலிப்பதிவுகளும், கேட்டவர்களின் நினைவும், சில படங்களும்தான்.

ஆனால் திருவிழா நோட்டீசை எடுத்துப் பாருங்கள். ஒரு பெயர், அல்லது இரண்டு பெயர். அதற்குப் பிறகு ‘குழுவினர்’. அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளே எத்தனை பேரை அடக்கிவிட்டோம்! இரண்டாவது தவில், இரண்டாவது நாதஸ்வரம், சுருதிப் பெட்டி, தாளம். பேச்சு வழக்கிலே இன்னும் சுருக்கம்: ‘மேளக்காரர்’. கலியாண வீட்டுப் படங்களைப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியவரின் முழங்கை மட்டும் ஓரத்தில் இருக்கும். அவர் இல்லாமல் அந்த முகூர்த்தம் நிறைவேறியிராது. படத்திலே அவருக்கு இடமில்லை. இது கமெராவின் குறை அல்ல. யாரை நடுவிலே வைப்பது, யாரை ஓரத்திலே விடுவது என்று நம்முடைய சமுதாயம் நெடுங்காலமாய்ப் போட்டுவைத்த சட்டகத்தின் குறை. சாதியும் அந்தச் சட்டகத்தின் ஒரு கம்புதான் என்பதை மறுப்பதற்கில்லை.

இதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுத்தால், திருவிழா முடிந்து அவர்கள் தவிலை உறையிலே போடுகிற நேரம் போய், ஒவ்வொருவருடைய பெயரையும் ஊரையும் கேட்பேன். தாளம் போட்ட சிறுவனையும் கேட்பேன். அச்சடித்த படத்தின் முதுகிலே பென்சிலால் எழுதுவேன். தெட்சணாமூர்த்தியும் ஒரு காலத்தில் தகப்பனாரிடம் பாடம் கேட்ட சிறுவன்தான். எந்தச் சிறுவன் யாராக வருவான் என்று யார் கண்டது?

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அதற்கு முந்திய ஐந்து வருடமாய் எங்கள் வீட்டிலே மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த இரவு என் பையிலே அரிசியும், சாரமும், பிலிம் சுருள்களும் படங்களும் உள்ள ஒரு பிஸ்கற் பேணியும் இருந்தன. அரிசி இரண்டு கிழமையிலே முடிந்தது. பேணி திரும்பி வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய தகப்பனார் தவில் வாசித்தவர். நோட்டீசிலே பெயர் வராதவர், குழுவினரில் ஒருவர். குடும்பம் வன்னிக்குப் போயிருந்தது. 2009 இலே தகப்பனும் இல்லை, வீடும் இல்லை, ஒரு படமும் மிஞ்சவில்லை. “ஐயா, நீங்கள் மேளம் படம் எடுக்கிறனீங்கள் எண்டு சொல்லிச்சினம்” என்றார். தகப்பனின் பெயரையும் ஊரையும் சொன்னார்.

பேணியைத் திறந்து படங்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். 1994 ஆம் ஆண்டு மஞ்சத் திருவிழாப் படம் ஒன்றிலே அந்தப் பெயர் இருந்தது. முகம் பாதி நிழல். வலக்கை வெறும் புகை. கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் புகையிலே விரலை வைத்து, “அப்பாவின்ரை கை” என்றார். பிறகு படத்தைத் திருப்பி, பென்சில் எழுத்தை நெடுநேரம் வாசித்தார். அது நாலே நாலு சொல்.

இப்போது கமெரா இல்லாத கை இல்லை. நல்லூர் வீதியிலே மல்லாரி தொடங்கியவுடன் ஆயிரம் கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. படமும் ஒலியும் சேர்ந்தே பதிவாகின்றன. ஜேர்மனியின் ஹம் நகரிலே 2002 இலே குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவிலும் இதே காட்சிதான். நம்மூர்த் தவிலும் நாதஸ்வரமும் அங்கே தார்வீதியிலே நடக்கின்றன. மருமகன் இப்போது கறுப்புச் சட்டைக்காரரின் விழாவுக்கும் போகிறான். அம்பாளின் தேருக்கும் போகிறான். இரண்டு இடத்திலும் பெயர் கேட்டு எழுதுகிறானாம்.

பதிவுகள் பெருகிவிட்டன, பெயர்கள் பெருகவில்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆவணியிலே நீங்கள் மேளத்தைப் படம் எடுத்தால், சாமி இருப்புக்குப் போன பிறகு கொஞ்சம் நில்லுங்கள். தவிற்காரர் விரற்கூடுகளைக் கழற்றும்போது பக்கத்திலே போய், “அண்ணை, உங்கடை பேர் என்ன?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டு சொல்வார். அதை எழுதி வையுங்கள்.