ஓலையைத் தொடாதை, போய்ப் படி



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதற்கு ஓய்வு. நாங்கள் ஏழு பேத்திகள். ஏழு பேரும் இப்பாடசாலையில் படித்தவர்கள். எழுவர் சார்பிலும், 2019இல் தமது 94ஆவது வயதில் காலமான எங்கள் அம்மம்மாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

அம்மம்மாவும் 1930களில் இங்கேதான் படித்தார். பெரியபிள்ளையானதும் வீட்டில் மறித்துவிட்டார்கள். பிற்காலத்தில் எங்கள் பரிசளிப்பு விழாக்களுக்கு வந்தால் கடைசி வரிசையில்தான் இருப்பார். “நான் ஒரு சோதினையும் பாஸ் பண்ணேல்லை, முன்னுக்கு இருக்க ஏலாது” என்பார். மேடையில் தொங்கிய ஓலைப் பூக்களில் பாதி அவர் கையால் ஆனவை.

சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சின்னக் கத்தியால் வார்வார். ஒருமுறை அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தோம், பிசகே இல்லை. சாயத்தூள் கரைத்த நீரில் ஓலையை அவித்து நிழலில் உலர்த்துவார். நீத்துப்பெட்டி, சுளகு, கொட்டப்பெட்டி, நாரால் பொத்திய கடகம் எல்லாம் வீட்டுத் தேவைக்கு. மூடல்பெட்டிகள்தான் அவருடைய சொந்த ராச்சியம். ஒரு கோலத்தை ஒருமுறை இழைத்தால் மறுபடி இழைக்கமாட்டார். கேட்டால், “அது முடிஞ்சுது” என்பார். நாங்கள் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. மூடியில் எங்கள் பெயரின் முதலெழுத்து. எங்களில் ஒருத்திக்கு ‘ஜ’வில் தொடங்கும் பெயர் வைத்ததற்காகச் சின்னம்மா வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, அம்மம்மா 70 வயதில் கொட்டும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தார். மடியில் அந்தக் கத்தி. தென்மராட்சியில் ஒரு வளவில் மூன்று குடும்பங்கள் ஒதுங்கினோம், படுக்கப் பாயில்லை. இரண்டாம் நாளே வடலி தேடிப் போய்விட்டார். மாரியில் ஓலை எங்கே காய்வது? அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் உலர்த்தினார். அந்தப் பாய்களின் புகை மணம் எங்கள் பாடப் புத்தகங்களிலும் ஏறியிருந்தது.

ஆனால் எங்களில் ஒருவருக்கும் இழைக்கத் தெரியாது. ஆசையில் கிட்டப் போனால், “ஓலையைத் தொடாதை, போய்ப் படி” என்று கலைப்பார். தமக்கு மறிக்கப்பட்ட படிப்பு எங்களுக்குத் தப்பிவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மற்ற விடயங்களில் நாங்கள் அவ்வளவு சொல்வழி கேட்கும் பிள்ளைகள் அல்ல.

88 வயதளவில் மறதி நோய் தொடங்கியது. முதலில் காலையில் சாப்பிட்டது மறந்தது, பிறகு எங்கள் பெயர்கள். இந்நோய் புதியவற்றைப் பதியும் பகுதியை முதலில் தாக்கும். நெடுநாள் பழகிய கைவேலை மூளையின் வேறிடங்களில் தங்கியிருப்பதால் பலரில் பிந்தியே போகும். மருத்துவ பீடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய விடயம். அதை வீட்டு விறாந்தையில் கண்டோம். ஓலையைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாகவே ஓடின.

ஒருநாள் பழைய ‘ஜ’ பெட்டியைக் காட்டினோம். தடவிப் பார்த்து, “நல்ல வேலை. ஆர் இழைச்சது?” என்றார்.

“நீங்கள்தான் அம்மம்மா.”

“சும்மா சொல்லாதை. இஞ்சை மூலை பிசகியிருக்கு.”

உண்மையாகவே பிசகியிருந்தது. முப்பது வருடமாக எங்கள் கண்ணில் அது படவில்லை.

அதன்பின் லீவு கிடைத்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்து பழகினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் பார்த்தார்கள். எங்களைக் கலைக்க அவருக்கு இப்போது நினைவில்லை. அடி போடவும் சுவர் எழுப்பவும் ஒருவாறு வந்துவிட்டது. விளிம்பு மடித்துக் கட்டும் இடம் வந்ததும் அவர் கை விரைந்துவிடும். மெதுவாகச் செய்யச் சொன்னால் விரல் குழம்பி நின்றுவிடும். அதைப் பிடித்துக்கொள்ளுமுன் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

நாங்கள் இழைத்த பெட்டி விளிம்பில்லாமல் இதோ இந்த மேசையில் இருக்கிறது. விளிம்பு கட்டத் தெரிந்த யாராவது இம்மண்டபத்தில் இருந்தால், தேநீர் இடைவேளையில் தயவுசெய்து எங்களிடம் வாருங்கள். ஓலை கொண்டுவந்திருக்கிறோம், கத்தியும் இருக்கிறது.