மரம் இன்னும் விழுந்து முடிக்கலை

வழக்கமா இங்க வேலை, சம்பளம், வாடகைன்னு பேசிட்டிருப்போம். இன்னைக்கு ஒரு மரத்தைப் பத்தி. புயல்ல வீட்டு மேல சாய்ஞ்ச மரத்தை எடுக்க ஆள் வெச்ச கதை. இந்தக் கதையில நான் நல்லவனா வரமாட்டேன், முன்னாடியே சொல்லிடறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அது கரையைக் கடந்தது ஆந்திராவுல பாபட்லா பக்கம், 5-ஆம் தேதி. ஆனா அதுக்கு முந்தின ரெண்டு நாள் சென்னைக்குப் பக்கத்துல கடல்ல மெதுவா நகர்ந்து எங்களை ஒரு வழி பண்ணிட்டுத்தான் போச்சு. எங்க வீடு மடிப்பாக்கம். தண்ணி நிக்கிறதைப் பத்தி மடிப்பாக்கத்துக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 4-ஆம் தேதி காலையில, முட்டி அளவு தண்ணியில அம்மா அரிசி டின்னைப் பரண்ல ஏத்திட்டு இருந்தப்ப, படார்னு ஒரு சத்தம். கேட் ஓரம் நின்ன மே ஃபிளவர் மரம் வேரோட சாய்ஞ்சு, மொட்டைமாடி கைப்பிடிச் சுவர்ல தலையை வெச்சுப் படுத்திருந்தது.

அப்பாவால நம்பவே முடியலை. 2016 வர்தாவையே தாங்கின மரம் அது. வர்தாவுல அடிச்ச காத்துல பாதிகூட இப்ப இல்லை, எப்படி விழுந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். காரணம் நாங்கதான். 2021-ல கார் வாங்கினப்ப, கேட்டுக்கு சாய்தளம் போடறதுக்காகத் தெருப் பக்கம் இருந்த ரெண்டு பெரிய வேரை வெட்டினோம். மரத்தை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிச்சிருந்த கயிறே அதுதான். மண்ணு ஊறினதும், வேர் இல்லாத பக்கத்துக்கு எதிர்ப் பக்கம், அதாவது வீட்டு மேல, சாய்ஞ்சுடுச்சு. கோட்ல யாரோ எப்பவோ ஒரு வரியை டெலீட் பண்ணியிருப்பாங்க, ரெண்டு வருஷம் ஓடும், ஒரு நாள் லோடு வந்ததும் படுத்துடும். அதே கதை.

முதல் சண்டை அப்பாவோட. மழை விட்டதும் அரிவாளை எடுத்துக்கிட்டு மாடிக்குக் கிளம்பிட்டார். ஒரு கிளை சர்வீஸ் வயர் மேல கிடந்தது. "ரெண்டு நாளா கரண்ட்டே இல்லடா, கம்பியில என்ன இருக்கப் போகுது"ன்னார். தண்ணி நிக்கிற ஏரியாவுல ஈபியே பாதுகாப்புக்காக சப்ளையை நிறுத்தி வெச்சிருப்பாங்க. எப்ப திரும்பப் போடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. நீங்க கிளையைப் பிடிச்சிருக்கிற நேரத்துல போட்டாங்கன்னா முடிஞ்சுது. அதோட, பக்கத்து வீட்டுல ஜெனரேட்டரைத் தப்பா இணைச்சிருந்தாலும் கரண்ட் பின்பக்கமா அந்தக் கம்பிக்கு வரும். அதனால வரிசை இதுதான்: ஈபி ஆள் வந்து வயரைக் கழட்டுற வரைக்கும் யாரும் மரத்துல கை வைக்கக் கூடாது. மின்னகம் நம்பர் 94987 94987, போன்ல போட்டு வெச்சுக்கோங்க. அன்னைக்கு எங்களுக்கு சிக்னலே இல்லை. நான் தண்ணியில நடந்து ஈபி ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்தேன். மூணு நாள் கழிச்சு வந்த லைன்மேன், பாவம், தூங்கி எத்தனை நாள் ஆச்சோ. அஞ்சு நிமிஷத்துல வயரைக் கழட்டிட்டு டீ கூடக் குடிக்காம கிளம்பிட்டார்.

1913-க்குச் சொன்னா மாநகராட்சி எடுக்கிறது தெருவுல விழுற மரத்தை. காம்பவுண்டுக்குள்ள விழுந்தா அது நம்ம தலைவலி.

இன்னொரு விஷயம், வெட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க. வீட்டு இன்ஷூரன்ஸ் இருந்தா அதுதான் சாட்சி. 2021 ஏப்ரல்ல இருந்து 'பாரத் கிருஹ ரக்‌ஷா'ன்னு ஒரு பொது பாலிசி இருக்கு, புயல் சேதம் அதுல வரும். இடிபாட்டை அகற்றுற செலவுக்கும் க்ளெய்ம் தொகையில 2 சதவீதம் வரைக்கும் தருவாங்க. ரெண்டு சதவீதத்துல மரம் எடுக்க முடியுமான்னு சிரிக்காதீங்க, எங்ககிட்ட அந்தப் பாலிசியே கிடையாது.

ஆன்லைன்ல தேடி மூணு பேர்கிட்ட பேசினேன். மூணு பேரும் "தண்ணி வடியட்டும் சார்"னு வெச்சுட்டாங்க. கடைசியில தெருமுனை இஸ்திரி அண்ணன்தான் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். வந்தவர் மரத்தைத் தொடவே இல்லை. பத்து நிமிஷம் சுத்திச் சுத்தி வந்தார். குனிஞ்சு வேரைப் பார்த்தார், மாடி ஏறி சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, இது இன்னும் விழுந்து முடிக்கலை."

எனக்கு அப்ப அது புரியலை. இப்ப புரியுது. படுத்திருக்கிற மரம் ஓய்வுல இல்லைங்க, வளைச்சு வெச்ச வில்லு மாதிரி இருக்கு. ரெண்டு முனையிலயும் தாங்கல் இருந்தா தண்டோட மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்பக்கம் இழுபட்டிருக்கும். மேல இருந்தே அறுத்துக்கிட்டுப் போனா ரம்பத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். அதனால மேல கொஞ்சம் அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழ இருந்து முடிப்பாங்க. வேர் இன்னும் மோசம். மண்ணோட பேர்த்துக்கிட்டு நிமிர்ந்து நிக்கிற வேரைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே தண்டோட கனம்தான். தண்டை வெட்டினதும் அது திரும்பவும் குழியில போய் டப்புன்னு உட்காரும். குழிக்குள்ள நின்னு வேடிக்கை பார்க்கிற குழந்தை என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

பதினாறாயிரம் கேட்டார். மூணு ஆள், செயின்சா, கயிறு, விறகை ஏத்திட்டுப் போற வண்டி எல்லாம் சேர்த்து. நான் உடனே ஆரம்பிச்சேன். "விழுந்த மரம்தானே அண்ணே, ஏற வேண்டிய வேலைகூட இல்லையே. விறகும் உங்களுக்குத்தானே." மே ஃபிளவர் விறகுக்கு என்ன விலை போகும்னு அவர் சொல்லிச் சிரிச்சார். தேக்கு, மாமரம்னா விஷயமே வேற. நான் விடலை. காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசத் தெரியாதவன்னு அம்மா சொல்லிக் காட்டுவாங்க, அந்தக் கோபமும் இருந்துச்சு போல. பதினொண்ணுல நிறுத்தினேன். மாடிப்படி ஏறி வந்து "அஞ்சாயிரம் குறைச்சுட்டேன்"னு அம்மாகிட்ட பெருமையா வேற சொன்னேன்.

மறுநாள் ரெண்டு பேர்தான் வந்தாங்க. அவரும், இருபத்துரெண்டு வயசுல ஒரு பையனும். "மூணாவது ஆள்?"னு கேட்டேன். "அந்தக் காசுக்கு ரெண்டு பேர்தான் தம்பி கட்டும்." சரி, கயிறைப் பிடிக்கிறதுதானே, நானே பிடிக்கிறேன்னு போய் நின்னேன்.

அவர் தெளிவாத்தான் சொல்லிக் குடுத்தார். கிளையில கட்டின கயிறு, மேல ஒரு கவட்டை வழியா வந்து கீழ இறங்கும். அதை கேட் தூணைச் சுத்தி ரெண்டு சுத்து போட்டுட்டு முனையை மட்டும் பிடிக்கணும். கனத்தைத் தூண் தாங்கும், நீங்க மெதுவா விட்டுக் குடுத்தா போதும். கையில மட்டும் சுத்தவே கூடாது. முதல் ரெண்டு கிளை அழகா இறங்குச்சு. எனக்கு தலைக்கனம் ஏறிடுச்சு.

ரெண்டு மணிக்கு எனக்கு ஆபீஸ் கால். அஞ்சு நாளா லேப்டாப் திறக்காம, அன்னைக்குத்தான் இன்வெர்ட்டர் இருக்கிற நண்பன் வீட்டுக்குப் போகிறதா இருந்தேன். மணி ஒண்ணரை. தூண்ல சுத்தினா கயிறு சிக்கி மெதுவா இறங்குது. மூணாவது கிளைக்கு நான் சுத்தலை, சும்மா பிடிச்சேன். மேல அவர் அறுத்து முடிச்சதும் கயிறு என் கையை உரிச்சுக்கிட்டு ஓடுச்சு. விட்டுட்டேன். கிளை ஊசலாடிக்கிட்டு வந்து, கீழ சுள்ளி பொறுக்கிட்டு இருந்த அந்தப் பையனோட தோள்ல இறங்குச்சு.

கிளை தொங்கும்போது கீழ யாரும் நிக்காம பார்த்துக்கிறதுதான் கயிறு பிடிக்கிற ஆளோட இன்னொரு வேலை. நான் மணியைப் பார்த்துட்டு இருந்தேன்.

காரை எலும்பு முறிஞ்சிருந்தது. ஆட்டோ கிடைக்காம ரெண்டு கிலோமீட்டர் எங்க கார்லயே, சைலன்சர் வரைக்கும் தண்ணியில அழைச்சுட்டுப் போனோம். அந்தப் பையன் வலியில கத்தவே இல்லை. "அண்ணே, சீட்டுல ரத்தம் ஆகுது"ன்னு என் கையைப் பார்த்துச் சொன்னான். ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கிற ஆறு வாரம் அது. அவங்களுக்கு வருஷத்துல வேலை குவியுற நேரமே அதுதான்.

ஆஸ்பத்திரி செலவையும் ஆறு வாரக் கூலியையும் அப்பா குடுத்தார். நான் குறைச்ச அஞ்சாயிரத்தைப் போல பல மடங்கு. பெரியவர் என்னைத் திட்டுவார்னு காத்திருந்தேன். அவர் ரசீதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "மூணு ஆளுன்னு சொன்னேனே தம்பி"ன்னார். அவ்வளவுதான். மறுநாள் வேற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து மிச்ச மரத்தையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போனார்.

2024 அக்டோபர்ல, மழைக்கு முன்னாடி பின்பக்க வேப்பமரத்தைக் கழிக்கச் சொல்லி அவரையே கூப்பிட்டேன். எவ்வளவுன்னு நான் கேட்கலை, அவரே சொன்னார். மூணு பேர் வந்தாங்க. அந்தப் பையனும் வந்திருந்தான். இடது கையை இன்னும் முழுசா மேல தூக்க வரலையாம், அதனால மரம் ஏற விடறதில்லைன்னு சொன்னான். நேரா போய் கிணத்தடித் தூண்ல கயிறை ரெண்டு சுத்து சுத்திட்டு, என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க உள்ள போய் உட்காருங்க"ன்னான்.