நீலம் ஏன் சீக்கிரம் சோர்கிறது?

மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், ஏற்காட்டுச் சாலையில் லாரி ஓட்டியவர்களுக்கும் பாக்சைட் புதிய சொல் அல்ல. சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கடினப் பாறை. யுகம் யுகமாகப் பெய்த மழை அந்தப் பாறையிலிருந்து மணற்சத்தைக் கரைத்துக் கொண்டுபோக, மலை உச்சிகளில் அலுமினியம் செறிந்த செம்மண் தொப்பி தங்கிவிட்டது. அந்தப் பாக்சைட்டைத்தான் வெட்டி மலையிறக்கி, மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 1965-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. அலுமினியம் என்றால் பாத்திரமும் மின்கம்பியும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று கைபேசித் திரையில் நாம் பார்க்கும் வெளிச்சத்தின் கதையும் அதே தனிமத்தில்தான் தொடங்குகிறது.

1987. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில், கோடாக் நிறுவன ஆய்வகத்தில், ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் அலுமினிய அணு, அதைச் சுற்றி மூன்று குயினோலின் வகை மூலக்கூறுகள். இந்தச் சேர்மத்தை 60 நானோமீட்டர் தடிப்பில், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகப் படியவைத்து, பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பளிச்சென்று பச்சை ஒளியை வரவழைத்தார்கள். ஓ.எல்.ஈ.டி. எனப்படும் கரிம ஒளி உமிழ் டையோடு நடைமுறைக்கு ஆகும் என்ற நம்பிக்கை அந்தக் கட்டுரையால்தான் பிறந்தது.

ஆனால் உள்ளே செலுத்திய எலெக்ட்ரான்கள் நூறு என்றால், வெளியே வந்த ஒளித்துகள் ஒன்றுதான். மீதி என்ன ஆயிற்று?

ஒருபுறமிருந்து எலெக்ட்ரானும் மறுபுறமிருந்து எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடமான மின்துளையும் வந்து ஒரு மூலக்கூறில் சந்திக்கும்போது அந்த மூலக்கூறு கிளர்ச்சி அடைகிறது. கிளர்ச்சியில் இரண்டு வகை உண்டு. நான்கில் ஒன்று ஒற்றை நிலை. அது உடனே ஒளியாக இறங்கிவிடும். நான்கில் மூன்று மும்மை நிலை. அது இறங்க வேண்டுமானால் எலெக்ட்ரானின் தற்சுழற்சி புரள வேண்டும். சாதாரணக் கரிம மூலக்கூறில் அது எளிதில் நடக்காது. காத்திருந்து காத்திருந்து அந்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். நான்கில் மூன்று பங்கு இப்படியே வீண். எஞ்சிய ஒளியிலும் பெரும்பகுதி தட்டையான கண்ணாடிக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

அந்தப் புரளலைச் செய்துதர ஒரு கனமான அணு வேண்டும். அலுமினியத்தின் அணு எண் 13, பிளாட்டினம் 78, இரிடியம் 77. கனமான அணுக்கருவை நெருங்கிச் சுற்றும் எலெக்ட்ரானின் ஓட்டமும் தற்சுழற்சியும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், தடைபட்டிருந்த மும்மை நிலையும் ஒளியாக இறங்குகிறது. 1998-இல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் பிளாட்டினச் சேர்மத்தால் சிவப்பை இப்படி வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டு இரிடியத்தால் பச்சை. 2001-க்குள், உள்ளே பிறக்கும் கிளர்ச்சி அனைத்தும் ஏறக்குறைய முழுவதுமாக ஒளியாகும் என்று காட்டிவிட்டார்கள்.

பிளாட்டினத்தைவிட இரிடியம் ஏன் நன்றாக உழைத்தது? இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்றைய பிளாட்டினச் சேர்மம் கிளர்ச்சியை ஏறத்தாழ நூறு மைக்ரோ நொடி வைத்துக்கொண்டிருந்தது. இரிடியச் சேர்மம் ஒரு மைக்ரோ நொடி அளவிலேயே ஒளியாக்கி இறக்கிவிட்டது. பழுத்த காப்பிப் பழத்தை உரிய நாளில் பறிக்காவிட்டால் செடியிலேயே கெடும், அல்லவா? கிளர்ச்சியும் அப்படித்தான். தங்கும் நேரம் கூடக்கூட, பக்கத்து மூலக்கூறின் கிளர்ச்சியோடு மோதி இரண்டும் வீணாகும் வாய்ப்பும் கூடும். செயல்திறன் குறைவதும் ஆயுள் குறைவதும் இந்தத் தாமதத்தில் சேர்ந்தே தொடங்குகின்றன.

இங்கேதான் நீலம் சிக்கலாகிறது. நீல ஒளிக்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.7 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டு நீலக் கிளர்ச்சிகள் மோதி ஆற்றலை ஒரே மூலக்கூறில் கொட்டினால் ஐந்தைத் தாண்டிவிடும். இந்த மூலக்கூறுகளிலுள்ள கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அறுபட மூன்று, மூன்றரை போதும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இரிடியத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு இருப்பதால்தான் இவற்றைக் கரிம உலோகச் சேர்மம் என்கிறோம். அந்த வலுவான பிணைப்பு, மூலக்கூறை உதிரச் செய்யும் ஆற்றல் நிலையை எட்டாத உயரத்துக்குத் தள்ளி வைக்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் அந்த உயரம் போதும். நீலமோ அதன் அருகிலேயே போய் நிற்கிறது. அறை வெப்பமே அதை ஏற்றிவிட, உலோகத்தைப் பற்றியிருந்த ஈனி ஒன்று கழன்றுவிடுகிறது. கழன்ற மூலக்கூறு மறுபடி ஒளிராது. பக்கத்து ஒளியையும் விழுங்கும். அதனால்தான் கைபேசிகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வந்து பல ஆண்டுகள் ஆகியும், நீலத்துக்கு, ஒற்றை நிலையை மட்டும் ஒளியாக்கும், வீண் மிகுந்த பழைய உடனொளிர் முறையையே வைத்திருந்தார்கள்.

ஒரே படத்தை முழு வெளிச்சத்தில் மணிக்கணக்காக வைத்தால் திரையில் அதன் நிழல் தங்கிவிடுவதிலும் இந்தச் சிதைவுக்குப் பங்குண்டு. வெளிச்சத்தைக் குறைத்தால் மோதல்கள் குறையும், ஆயுள் நீளும். நேயர்கள் இன்றே செய்து பார்க்கலாம்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஜெயபாரதியும் தணிகாசலமும் இமிடசோல் வகை ஈனிகளை இரிடியத்தோடு கட்டி, அவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கடல் கடந்து லண்டனில் பூபதி கதிர்காமநாதன் அருமண் தனிமங்களையும் லித்தியம், சிர்கோனியச் சேர்மங்களையும் கொண்டு, எலெக்ட்ரானைச் சீராக உள்ளே அனுப்பும் அடுக்குகளில் உழைத்தார். ஒளிரும் மூலக்கூறுக்குக் கிடைக்கும் பேச்சு இந்தத் துணை அடுக்குகளுக்குக் கிடைப்பதில்லை. அது நியாயமே இல்லை. மின்னூட்டம் ஒரே இடத்தில் குவியாமல் பரவினால்தான் மோதல் குறையும். ஆயுளில் பாதி அந்த அடுக்குகளின் கையில் இருக்கிறது.

இரிடியம் மலிவான பொருளும் அல்ல. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில டன்கள்தான் கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களின் உபபொருளாக. ஆகவே ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அதாச்சி குழுவினர் 2012-இல் உலோகமே இல்லாமல் மும்மை நிலையை மீட்கும் வழியைக் காட்டியபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அந்த மூலக்கூறுகள் பலவற்றில் கிளர்ச்சி இரிடியத்தில் தங்குவதைவிட நெடுநேரம் தங்கியது. பழைய தாமதம் அங்கேயும் குறுக்கே வந்தது.

2025 மே மாதம் எல்.ஜி. டிஸ்ப்ளே, நீலத்துக்கும் மும்மை நிலை ஒளியைப் பயன்படுத்தும் திரையை வணிகத் தரத்துக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தது. இரண்டு அடுக்கு நீலம் அது: மேலடுக்கில் புதிய முறை, கீழடுக்கில் ஆயுளுக்காகப் பழைய உடனொளிர் முறை. அந்தக் கீழடுக்கையும் மாற்றும் மூலக்கூறு எதுவாக இருந்தாலும், கிளர்ச்சியை ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அதே வேளையில் தன் ஈனிகளை விடாமல் பற்றியிருக்கவும் வேண்டும்.